‘இருக்குமோ’ என்று பேசக் கற்றுக்கொண்ட டாக்டரம்மா

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் டாக்டர் பிள்ளைகளுக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கும் என் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள். நான் சொன்னால் கசக்கும் என்றேன். பரவாயில்லை என்றீர்கள். கசப்பு மருந்தை அடுத்தவர் வாயில் ஊற்றிப் பழகியவர்கள்தானே நீங்கள். இந்த ஒரு தடவை நீங்களும் குடித்துப் பாருங்கள்.

நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். ஒரு பக்கம் முடிய ஒரு பொழுது ஆகும். அவசரப்படுத்தினால் வராது.

போடியில் ஏலக்காய் வியாபாரிகள் சேர்ந்து கட்டி, ஒரு கமிட்டி வைத்து நடத்திய தர்ம ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில் நான் ஆயா. ஆயா என்றால் கூட்டிப் பெருக்குகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆப்பரேசன் தியேட்டருக்குள் போகிற துணி, வெந்நீர், கத்தி எல்லாம் என் கையைத் தாண்டித்தான் போகும். ஆஸ்பத்திரிக்கே பொறுப்பான பெரிய டாக்டர்கூடச் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் என் வார்டுக்குள் வருவார். ஒரு நாள் மறந்து வந்தவரை நான் பார்த்த பார்வையில் திரும்பிப் போய் விட்டுவிட்டு வந்தார். அந்த அளவுக்கு என் வார்டு.

மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை இறங்குகிற வழியில்தான் எங்களுக்கு நோயாளிகளும் இறங்குவார்கள். குரங்கணிக்கு மேலே உள்ள தோட்டங்களில் யாருக்காவது முடியாமல் போனால், கம்பில் கம்பளியைத் தொட்டில் கட்டி, டோலி என்று இரண்டு ஆள் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். வந்து சேர்கிறபோது பாதி உயிர் வழியிலேயே போயிருக்கும். மிச்சப் பாதியை வைத்துக்கொண்டுதான் எங்கள் வேலை.

பெரிய டாக்டர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இதில் கெட்டவர் யார் என்று தேட ஆரம்பித்துவிடுவீர்கள். ஏழை பாழைகளிடம் முகம் சுளிக்க மாட்டார். மலைக்காரர்களை ‘வா அப்பு, உக்காரு’ என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் ஒரே ஒரு குறை. பெண் வாயிலிருந்து வருகிற ‘இருக்கு’ என்ற சொல் அவர் காதில் விழாது. செவிடு இல்லை. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் காது அடைத்துக்கொள்ளும்.

டாக்டரம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. மெட்ராசில் படித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அறுத்துத் தைக்கிற வேலைக்கென்றே பிறந்த கை. அவர் தையல் போட்ட வயிற்றில் தழும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் வந்த முதல் வாரமே கமிட்டித் தலைவர் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ‘பிரசவம், பொம்பளைக சமாச்சாரம் எல்லாம் நீங்க பாத்துக்கங்கம்மா. கத்தி எடுக்கிற சோலிய ஐயா பாத்துக்குவாரு.’ கூடவே இன்னொரு விதி. டாக்டரம்மா எந்த வீட்டுக்கும் தனியாகப் போகக்கூடாது, ஆயா துணைக்குப் போக வேண்டும். உயிரை நம்பி அவர் கையில் கொடுப்பார்களாம், அவரைத் தனியாகத் தெருவில் விட மாட்டார்களாம். அப்படித் துணைக்குப் போனவள் நான். அதனால்தான் இதையெல்லாம் சொல்ல முடிகிறது.

ஊரில் பெரிய வீடுகளில் அன்றைக்கு ஒரு முறை இருந்தது. வீட்டுப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றால் இரண்டு டாக்டரையும் கூப்பிடுவார்கள். பெரிய டாக்டர் ஹாலில் நாற்காலியில் உட்காருவார். டாக்டரம்மா உள் அறைக்குள் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து அவரிடம் சொல்ல வேண்டும். அவர் கேட்டுக்கொண்டு, கண்ணை மூடி யோசித்து, வீட்டு ஆண்களிடம் நோயின் பெயரைச் சொல்லுவார். ‘கை அம்மாவுது, வாய் ஐயாவுது’ என்று எங்கள் கம்பவுண்டர் இதற்கு ஒரு பேர் வைத்திருந்தார். ஊரே சொல்லிச் சிரிக்கும். டாக்டரம்மாவும் முதலில் சிரித்தார்.

வந்த புதிதில் அவருக்கு இந்த முறை பிடிபடவில்லை. ஒரு வியாபாரி வீட்டில், அவருடைய அம்மாவுக்கு வயிற்று வலி. வாயு என்று சொல்லி பெரிய டாக்டர் ரொம்ப நாளாக மருந்து கொடுத்து வந்தார். டாக்டரம்மா உள்ளே போய்ப் பார்த்தார், வெளியே வந்தார், ஹாலில் எல்லோரும் இருக்க, ‘பித்தப்பையில கல்லு இருக்கு’ என்றார். அவ்வளவுதான். வியாபாரி பெரிய டாக்டர் முகத்தைப் பார்த்தார். பெரிய டாக்டர் காப்பித் தம்ளரைப் பார்த்தார். ‘பார்ப்போம்’ என்றார்.

அந்தம்மாளை மதுரைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். கல்தான். அதைப் பற்றி எங்கள் ஆஸ்பத்திரியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு டாக்டரம்மாவைக் கைத்துணைக்குத் தியேட்டருக்குக் கூப்பிடுவதும் நின்றுபோனது. பெரிய டாக்டர் திட்டவில்லை, கோபப்படவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். வார்டில் பிரசவம் பார்த்துவிட்டு, தியேட்டர் கதவு மூடுவதை இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அதே சமயத்தில், எட்டாம் வகுப்பு தாண்டாத கம்பவுண்டர் ‘ஐயா, இது டைபாய்டு’ என்று வந்து நிற்பார். பெரிய டாக்டர் ‘அப்படியா’ என்று எழுந்து போய்ப் பார்ப்பார். பாதி நேரம் அது டைபாய்டாக இருக்காது. அதனால் கம்பவுண்டருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அப்போதுதான் டாக்டரம்மா ‘மோ’ போடக் கற்றுக்கொண்டார்.

எப்படிக் கற்றுக்கொண்டார் என்று எனக்குத் தெரியும், எங்களிடமிருந்துதான். மழை இருட்டிக்கொண்டு வந்தால், வீட்டில் நாங்கள் ‘மொளகாயை அள்ளு’ என்று புருசனிடம் சொல்ல மாட்டோம். ‘மழை வருமோ என்னமோ’ என்போம். அவன் வானத்தைப் பார்த்துவிட்டு, தானே கண்டுபிடித்த மாதிரி ‘ஏய், மொளகாயை அள்ளுங்கடி’ என்று அதட்டுவான். நாங்கள் அள்ளுவோம். மிளகாய் நனையாது. வீட்டுக்கு வீடு நடக்கிற வித்தை. இதை ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே நான் சொல்லிச் சிரித்தபோது, டாக்டரம்மா சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாளே பெரிய டாக்டரிடம் போய், ‘கட்டியா இருக்குமோ ஐயா?’ என்றார். பெரிய டாக்டர் யோசித்தார். ‘ம்ம். இருக்கும். திறந்துருவோம். நீங்களும் வாங்க’ என்றார். கதவு திறந்துவிட்டது. ‘குடல் சிக்கியிருக்குமோ?’, ‘புள்ள குறுக்க கிடக்குமோ?’ என்று ஒவ்வொன்றாகப் போட்டார். ஒவ்வொரு தடவையும் அவருக்கு நிச்சயமாகத் தெரியும். தெரியாத மாதிரிதான் கேட்பார். எத்தனை பெண்கள் இந்த ஒரு எழுத்தால் பிழைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும், அந்தப் பெண்களுக்குத் தெரியாது.

நாங்கள் ஆயாக்கள் இதை விளையாட்டாக்கிக்கொண்டோம். ‘கஞ்சி வெந்திருக்குமோ?’ என்று ஒருத்தி கேட்பாள். ‘வெந்திருக்கும், நானே கண்டுபிடிச்சேன்’ என்று நான் பெரிய டாக்டர் மாதிரி கண்ணை மூடிச் சொல்லுவேன். டாக்டரம்மா ஒரு நாள் அதைக் கேட்டுவிட்டார். திட்டவில்லை. ‘வேலுத்தாயி, நீ நல்லாத்தான் நடிக்கிற. நான் அதை விட நல்லா நடிக்கிறேன்’ என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் சிரிப்பை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

இனிமேல்தான் கசப்பு.

குரங்கணிக்கு மேலே ஏலத் தோட்டத்தில் ஏலக்காய்ப் பழம் பறிக்கிற பெண் ஒருத்தி, பஞ்சவர்ணம். கல்யாணமாகி வெகு வருசம் குழந்தை இல்லை. ஒரு நாள் காலையில் புருசனும் அண்ணனும் டோலியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகம் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. ஆனால் நினைவு இருந்தது. என்ன செய்கிறது என்று கேட்டதற்கு, ‘வயித்துக்குள்ள என்னமோ அத்துப் போச்சு ஆத்தா’ என்றாள். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டார், நாடியைப் பார்த்தார். பிறகு, ‘தோள்பட்டை வலிக்குதா?’ என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை, வயிற்றில் வலி என்பவளிடம் தோளைப் பற்றி என்ன கேள்வி என்று. பஞ்சவர்ணம் ஆச்சரியப்பட்டுப் போனாள். ‘ஆமா ஆத்தா. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்றாள். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, மெதுவான குரலில் சொன்னார். கர்ப்பம் பையில் தங்காமல் குழாயில் தங்கி, குழாய் வெடித்துவிட்டது. உள்ளுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறது. உடனே வயிற்றைத் திறந்தால் பிழைப்பாள். ‘தியேட்டருக்கு வெந்நீர் போடு’ என்றார்.

நான் வெந்நீர் போட்டேன். அவர் பெரிய டாக்டர் அறைக்குப் போனார். நான் வாசலில் நின்றேன். உள்ளே கமிட்டித் தலைவர் உட்கார்ந்திருந்தார். புது வார்டு கட்டுவது பற்றிப் பேச்சு.

‘ஐயா, கர்ப்பம் குழாயில தங்கியிருக்குமோ?’ என்றார் டாக்டரம்மா.

பெரிய டாக்டர் பேச்சு அறுந்த எரிச்சலில் திரும்பினார். அவளுக்குத்தான் பிள்ளையே தங்கவில்லை என்கிறார்களே என்றார். மலையில் என்ன தண்ணீரைக் குடித்தாளோ, வயிற்றுக்கடுப்பாக இருக்கும், மருந்து கொடுங்கள், பார்ப்போம் என்றார். டாக்டரம்மா திரும்பி வந்தார். மறுபடி நாடியைப் பார்த்தார். மறுபடி போனார். ‘உள்ள ரத்தம் கசியுமோன்னு…’ என்று ஆரம்பித்தார். ‘அதான் பார்ப்போம்னு சொன்னேனேம்மா’ என்றார் பெரிய டாக்டர். தலைவர் சிரித்துக்கொண்டே, ‘அம்மாவுக்கு எப்பவும் சந்தேகந்தான்’ என்றார்.

தியேட்டர் சாவி கம்பவுண்டரின் இடுப்பில் தொங்கும். மயக்க மருந்து கொடுப்பதும் அவர்தான். ஐயா சொல்லாமல் இரண்டும் நடக்காது. டாக்டரம்மா வராந்தாவில் நின்று அந்தச் சாவியைப் பார்த்ததை நான் பார்த்தேன். என் வெந்நீர் ஆறிப்போய் மறுபடி கொதித்தது.

மத்தியானம் பஞ்சவர்ணத்தின் கண் செருகியது. பெரிய டாக்டர் அப்போதுதான் வந்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. கெட்டிக்காரர்தானே. ஓடினார், ஓடினோம். வயிற்றைத் திறந்தபோது அங்கே ரத்தம் தவிர ஒன்றும் தெரியவில்லை. மேஜையிலேயே போய்விட்டாள்.

கை கழுவுகிற இடத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். நான் துண்டு வைத்துக்கொண்டு நின்றேன். பெரிய டாக்டர் கண் கலங்கியிருந்தார், பொய் சொல்ல மாட்டேன்.

‘காலையிலேயே ஒங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?’ என்றார்.

‘தெரியும்.’

‘தெரிஞ்சா சொல்லியிருக்க வேண்டாமா?’

‘ரெண்டு தடவை சொன்னேனேய்யா.’

‘நீங்க கேட்டீங்கம்மா. சொல்லலை.’

சொல்லிவிட்டு என் கையிலிருந்து துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டு போனார். டாக்டரம்மா தண்ணீர்க் குழாயை மூடாமல் நின்றார். நான்தான் மூடினேன்.

பிள்ளைகளா, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அவர் சொன்னது பொய்யா? பொய்யில்லை. கேட்கத்தான் செய்தார். ஆனால் சொன்னால் அடைபடுகிற காதை வைத்துக்கொண்டு, ஏன் சொல்லவில்லை என்று கேட்கிற வாயும் அதே முகத்தில்தான் இருந்தது. நான் நிறைய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். நல்லவர்கள் செய்கிற அநியாயத்துக்குத்தான் பதில் சொல்ல வராது.

ஊரில் பேச்சு வேறு மாதிரி போனது. டீக்கடையில் கம்பவுண்டர் சொன்னாராம், லேடி டாக்டர் சந்தேகப்பட்டுக்கொண்டே நின்றுவிட்டார், ஐயா வந்து பார்ப்பதற்குள் நேரமாகிவிட்டது என்று. பஞ்சவர்ணத்தின் புருசன் காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் வந்தான். சண்டை போட வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். ‘நீங்க வெரசா ஒரு முடிவு சொல்லியிருந்தா பொழச்சிருப்பாளாமேம்மா. பேசிக்கிறாக’ என்றான். ஐயாதான் கேட்கவில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருக்கலாம். நானே சொல்லப் போனேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ‘ஆமாய்யா. பொழச்சிருப்பா’ என்றார். அவன் தலையை ஆட்டிக்கொண்டு மலைப்பக்கம் நடந்தான். அன்றோடு அவர் ‘மோ’ போடுவதை விட்டார்.

அதற்கு அடுத்த கோடையில் மயிலு வந்தாள். ராசிங்காபுரத்துப் பெண், என் ஊர்க்காரி. போடியில் ஏலக்காய் மூட்டை அடுக்கித் தரம் பிரிக்கிற கிட்டங்கியில் வேலை. மாமியார் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதே வெள்ளை முகம், அதே நாடி, அதே தோள்பட்டை வலி. பெரிய டாக்டர் வார்டைச் சுற்றி வருகிற நேரம். கம்பவுண்டர், நர்சுகள், ஆயாக்கள், நோயாளிகளின் சொந்தபந்தம் எல்லோரும் நின்றிருந்தோம்.

‘குழாயில கர்ப்பம். வெடிச்சிருக்கு. இப்பவே திறக்கணும்’ என்றார் டாக்டரம்மா.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

‘நிச்சயமா?’

‘நிச்சயமா இருக்கு.’

‘இல்லேன்னா?’

‘இல்லேன்னா நாளைக்கு நான் இந்த ஆஸ்பத்திரியில இருக்க மாட்டேன். இப்பச் சாவியக் குடுக்கச் சொல்லுங்க.’

பெரிய டாக்டர் கம்பவுண்டரைப் பார்த்துத் தலையை அசைத்தார். தியேட்டருக்குள் கத்தியை எடுத்தவர், என்ன நினைத்தாரோ, அதை டாக்டரம்மா பக்கம் நீட்டினார். டாக்டரம்மாதான் திறந்தார். சொன்னது சொன்னபடி அங்கே இருந்தது. மயிலு பிழைத்துக்கொண்டாள்.

அவர் கை அன்றைக்கு ஓடியதை நான் பார்த்தேன். இத்தனை வருசம் அந்தக் கையைப் பிரசவத்துக்கு மட்டும் என்று கட்டிப் போட்டிருந்தார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. கதவைத் திறந்துகொண்டு பெரிய டாக்டர்தான் முதலில் வெளியே போனார். மயிலின் மாமியார் அவர் காலில் விழுந்து, ‘சாமி, கொலசாமி மாதிரி வந்து காப்பாத்திட்டீக’ என்றாள். பெரிய டாக்டர் பொய் சொல்லவில்லை. ‘நானில்லை’ என்றும் சொல்லவில்லை. சும்மா நின்றார். பின்னால் வந்த டாக்டரம்மாவிடம் அந்தக் கிழவி, ‘நீங்களும் தொணைக்கு இருந்தீகளாம்மா? நல்லா இருங்க’ என்றாள்.

டீக்கடைப் பேச்சு மறுநாளே மாறியது. அந்தம்மா ஐயாவையே எல்லோர் முன்னாலும் அதட்டிவிட்டதாம். சாவியைக் கொடு என்று மிரட்டியதாம். திமிராம். போன வருசம் வரை முடிவெடுக்கத் தெரியாதவர், இந்த வருசம் அடக்கம் இல்லாதவர். நடுவில் ஒரு நாளாவது அவர் சரியான டாக்டராக இருந்தாரா என்றால், ஊர்க் கணக்குப்படி இல்லை. ‘மோ’ போட்டால் தயக்கம், எடுத்தால் திமிர். உங்களுக்கும் இதுதான் நடக்கும். இல்லை, இப்போதெல்லாம் மாறிவிட்டது என்று சொல்லுவீர்கள். சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் போன மாதம் என் முழங்காலைக் காட்ட வந்தபோது, பெண் டாக்டரிடம் ‘சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு?’ என்று ஒருவர் கேட்டதை நானும்தான் கேட்டேன்.

பெரிய டாக்டருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஓய்வெடுக்கப் போவதாகச் சொன்னார். அவருக்கு அடுத்தபடி ஆஸ்பத்திரியில் மூத்தவர் டாக்டரம்மாதான். கமிட்டி கூடிய அன்றைக்குக் காப்பி கொண்டுபோனவள் நான். கமிட்டிக்காரர்கள் ஆயா எதிரில் எதையும் பேசுவார்கள். ஆயாவுக்குக் காது உண்டு என்பது அவர்களுக்கு நினைவிருக்காது.

தலைவர் நேராகவே கேட்டார். ‘ஐயா, ஒங்களுக்குப் பெறகு அந்தம்மாவையே வச்சுக்கலாமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.’

பெரிய டாக்டர் காப்பியை ஆற்றினார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று தம்ளர்களை அடுக்குகிற சாக்கில் நான் நின்றேன். மனசுக்குள் எங்கள் ஊர்ச் சாமியையெல்லாம் கூப்பிட்டேன். கத்தியை டாக்டரம்மா கையில் நீட்டியவர் அல்லவா.

‘கை சுத்தம். படிப்பு இருக்கு. மனசும் தங்கம்’ என்றார். தம்ளரைக் கீழே வைத்தார். ‘ஆனா தலைமைன்னு வந்தா நாலு ஆம்பளைகளை வேலை வாங்கணும். ஒத்து வருமோ?’

‘ஐயாவுக்கே சந்தேகமா இருந்தா, எங்களுக்கு என்ன இருக்கு’ என்றார் தலைவர். அடுத்த விசயம் பேச ஆரம்பித்தார்கள். கூரைக்கு ஓடு மாற்றுவது.

நான் போய் டாக்டரம்மாவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் பிரசவம் முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தார். விரல் விரலாகத் துடைத்தார். பிறகு, ‘சரி, அடுத்த ஆளக் கூப்பிடு’ என்றார். இதைச் சின்னப் பிள்ளைகளிடம் சொன்னால், ‘ஏன் சண்டை போடவில்லை?’ என்று கேட்கிறார்கள். வெளியே பெஞ்சில் ஏழு மாதக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளை உட்கார வைத்துவிட்டு எங்கே போய்ச் சண்டை போடுவது?

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வயசு டாக்டர் ஒருவரைத் தலைமைக்குக் கொண்டுவந்தார்கள். மரியாதையான பிள்ளைதான். டாக்டரம்மாவை ‘அக்கா’ என்பார். வந்த வாரமே, ‘அக்கா, நீங்க பிரசவத்தைப் பாருங்க, தியேட்டரை நான் பாத்துக்கிறேன், ஒங்களுக்கும் செரமம் கொறையும்’ என்றார். செரமத்தைக் குறைத்தே ஒரு மனுசியை ஒன்றுமில்லாமல் ஆக்க முடியும் என்று நான் அப்போது கற்றுக்கொண்டேன்.

அந்த வருசம் ஏலக்காய் அறுவடை முடிகிற சமயத்தில் டாக்டரம்மா போய்விட்டார். போடிமெட்டைத் தாண்டி, மலையாளத்துப் பக்கம் ஒரு எஸ்டேட் டிஸ்பென்சரியில் வேலை. அங்கே மாத்திரையும் டிங்சரும்தான், தியேட்டர் கிடையாது. வழியனுப்ப நான் மட்டும்தான் போனேன். அங்கே நிம்மதியாக இருப்பீர்களா என்று கேட்டேன். ‘அங்க நான் யாரையும் கேக்க வேண்டியதில்ல வேலுத்தாயி’ என்றார். மலையை ஒரு தடவை பார்த்துவிட்டு, ‘செய்யவும் ஒண்ணும் இல்ல’ என்றார்.

அவர் போய்ச் சில மாதம் கழித்து மயிலு மறுபடி வந்தாள். தானே நடந்து வந்தாள். என்னைப் பார்த்ததும், ‘அதே வலிதான் அத்தே. இந்தத் தடவை மத்தப் பக்கம். தோள்பட்டையும் பிடிச்சிருச்சு’ என்றாள். அனுபவப்பட்டவள், அவளுக்கே தெரிந்திருந்தது. சின்ன டாக்டரிடமும் அப்படியே சொன்னாள். அவர் சிரித்தார். ‘நீயே டாக்டராம்மா?’ என்றார். போன தடவை நடந்ததை நானும் சொன்னேன், நர்சம்மாவும் சொன்னார். ஒரே ஆளுக்கு இரண்டு தடவை வருவது அபூர்வம், பயத்தில் சொல்கிறாள், பார்ப்போம் என்றார். பெரிய டாக்டரின் நாற்காலியோடு அந்தச் சொல்லும் அவருக்கு வந்து சேர்ந்திருந்தது.

நாடி விழ ஆரம்பித்ததும் தியேட்டர் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். இந்த மாதிரி ஒன்றை அவர் தனியாகத் திறந்ததே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று எழுதிக் கொடுத்தார். ரயில் புறப்படுகிற நேரம். நானும் மயிலின் புருசனும் ஸ்ட்ரெச்சரோடு ஏற்றினோம். நல்ல வெயில். பெட்டியில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். தேனி வரைக்கும் கண் மூடியே இருந்தாள். பிறகு விழித்தாள்.

‘எங்க அத்தே போறோம்?’

‘மதுரைக்கு.’

‘டாக்டரம்மா அங்கயா இருக்காக?’

அவள் புருசன் என்னைப் பார்த்தான். டாக்டரம்மா எதிர்த்திசையில், மலைக்கு அந்தப் பக்கம், யாருக்கோ இருமல் மருந்து ஊற்றிக்கொண்டிருப்பார்.

‘அங்கதான் இருக்காக’ என்றேன்.

‘நெசமா?’

‘இருக்காக மயிலு. தியேட்டர் வாசல்ல நிப்பாக.’

அவள் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. ‘அப்பச் சரி’ என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி ஏறுகிறபோது என் கைக்குள் இருந்த அவள் கை குளிர்ந்துவிட்டது. புருசனிடம் உடனே சொல்லவில்லை, அவன் ஜன்னல் வழியே மதுரை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

என் ஆயுசில் எதையும் நான் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை. ஒருத்தி கேட்டாள், நான் சொன்னேன், அவள் நம்பினாள்.